துணியில் இருந்த நெடி

வரும் திங்கட்கிழமை எங்கள் பட்டறையில் சேரப்போகும் தோழர்களுக்கு,

உங்களை வரவேற்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி கிரெய்க் கேட்டார். அவர் கேட்டது ஆங்கிலத்தில்: கையுறை அணிக, முகக்கவசம் அணிக, கை கழுவாமல் எதையும் உண்ணாதீர். எழுதிக் கொடுத்துவிட்டேன். அது சுவரில் ஒட்டப்பட்டிருக்கும், தவறாமல் படியுங்கள். நீங்கள் இப்போது வாசிப்பது யாரும் கேட்காமல் நான் எழுதுவது. இதைத் தமிழில் எழுதுகிறேன். ஏனெனில் பட்டறையின் தகரக் கொட்டகையில் நிற்பவர்கள் பெரும்பாலும் சிட்னியின் டூங்கபியிலிருந்தும் ஹோம்புஷிலிருந்தும் வருகிற நம்மவர்கள். ஒருவர் சொல்லி ஒருவர் சேர்ந்தவர்கள். நான் சொல்லப்போகும் பிழையும் நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

தொழிலை விட்டு ஓய்வு பெறுகிறவர் எழுதவேண்டியதை இந்த இளம் வயதில் இவள் எழுதுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். என் கணவருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்து, அங்கே மல்கிரேவில் வீடும் பார்த்தாயிற்று. இந்தத் தொழிலுக்கு நான் திரும்பப்போவதில்லை. அந்த அளவில் நானும் ஓய்வு பெற்றவள்தான்.

என்னைப் பற்றி இன்னும் ஒன்று. கல்லூரி நாள்களிலிருந்து மேடையில் வாதாடிப் பழகியவள் நான். சிட்னியில் நடக்கும் பட்டிமன்றங்களில் என்னை அணியின் கடைசிப் பேச்சாளராகவே நிறுத்துவார்கள். எதிரணி கட்டியதையெல்லாம் இடித்துவிட்டு இறங்குவதற்குத்தான். இதைத் தற்பெருமை என்று நீங்கள் கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மேடையில் பேசுகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசி முடித்ததும் நடுவரின் முகத்தைப் பார்ப்போம். எது சரி, எது தவறு என்று ஒருவர் எழுந்து சொல்லியாக வேண்டும். சொல்லவில்லையென்றால் உறக்கம் வராது. அந்தப் பழக்கத்தோடுதான் நான் இந்தக் கொட்டகைக்குள் நுழைந்தேன்.

நம் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி சுடும் கழகங்களில் சுட்டு முடித்தபின் தரையில் விழும் தோட்டாக்களின் பித்தளை உறைகள் நம்மிடம் வருகின்றன. உரிமம் பெற்றவர்கள் அதே உறைகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பித் தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். நாம் மருந்தைத் தொடுவதில்லை. உறைகளைக் கழுவுகிறோம், டம்ப்ளர் என்னும் சுழலும் உருளையில் இட்டு உருட்டுகிறோம், உலர்த்துகிறோம், ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம், உரியவருக்குத் திருப்பி அனுப்புகிறோம். இவற்றில் முதல் மூன்றையும் இயந்திரம் செய்துவிடும். பார்ப்பதை நாம்தான் செய்யவேண்டும். ஒருவர் துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தை வைத்து விசையை இழுக்கும் நொடியில், அவருடைய கண்ணுக்கு ஒரு சாண் தொலைவில் அந்தப் பித்தளை முழு வெடிப்பையும் தாங்கிக்கொண்டிருக்கும். பழுதான உறை அங்கே பிளந்தால் பின்னால் பீறிடும் வாயு எங்கே போகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சிட்னிக்கு மேற்கே, மலைகளுக்கு அப்பால் பண்ணை வைத்திருந்த ஒருவர் ஒரு முறை வாளி நிறைய உறைகளோடு வந்தார். பலமுறை சுடப்பட்டவை. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, மற்ற இடங்களைவிட வெளிறிய ஒரு வளையம் பல உறைகளில் தெரிந்தது. உட்சுவர் அங்கே மெலிந்துவருகிறது என்பதன் அடையாளம் அது. டம்ப்ளரில் இட்டு மினுக்கிவிட்டால் வளையம் மறைந்துவிடும், மெலிவு மறையாது. அதனால்தான் மினுக்குவதற்கு முன் ஒருமுறை பார்க்கிறோம். நான் வாளியை ஒதுக்கி வைத்தேன். அவர் கொதித்துப்போனார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே துப்பாக்கி பிடிக்கிறவராம். மினுக்கத்தான் கொடுத்தாராம், பிரசங்கம் கேட்க அல்லவாம்.

வாளியிலிருந்து அவரே ஓர் உறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்றேன். அதை அவர் கண்முன்னே நெடுக்காக அறுப்போம். உட்சுவர் சீராக இருந்தால் மன்னிப்புக் கேட்டு அத்தனையையும் மினுக்கித் தருகிறேன். அவர் கிண்டிக் கிளறி நல்லதாக ஒன்றை எடுத்தார். அறுத்தோம். உள்ளே, வளையம் இருந்த அதே இடத்தில், நகத்தால் கீறியதுபோல் ஒரு கருத்த பள்ளம் ஓடியது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வாளியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

கொட்டகையே கைதட்டியது. பக்கத்து மேசையிலிருந்த ரீற்றா அன்ரி மட்டும் கைதட்டாமல் சிரித்தார்.

"என்ன அன்ரி, நான் சொன்னது சரிதானே?"

"ஓம், சரிதான். ஆனா அந்தாளின்ர கண் தப்பினது உனக்குப் பெரிசில்லை. அவர் வாய் திறக்கேலாமல் நிண்டார் பார், அதுதான் உனக்குத் தித்திச்சது."

"அதுவும் கொஞ்சம்தான்."

"கொஞ்சமோ! பட்டிமன்றம், உன்ர முகத்தைக் கண்ணாடியில போய்ப் பார்."

அவர் எனக்கு வைத்திருந்த பெயர் அது. பட்டிமன்றம்.

ரீற்றா அன்ரி இலங்கையின் மன்னார்க் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கர். ஐம்பதைத் தாண்டியவர். சன்னலோர மேசை அவருடையது. வெளிச்சத்துக்காக அதை எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்; கார் நிற்குமிடம் அங்கிருந்து தெரியும் என்பதுதான் உண்மை. அவருடைய கணவர் யேசுதாசனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் அன்ரிதான். சில நாள் அவரை வீட்டில் விட்டுவர மனமில்லாமல் கூடவே அழைத்துவந்துவிடுவார். அவர் காருக்குள் வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். அன்ரி உறைகளைப் பார்த்துக்கொண்டே அவரையும் பார்த்துக்கொள்வார்.

நீங்களும் நிரந்தரமில்லாத கேஷுவலாகத்தான் சேர்கிறீர்கள். ஆகவே இது உங்களுக்குப் புரியும். எந்த நாள் வேலை, எந்த நாள் இல்லை என்பது ஞாயிறு மாலை கைப்பேசியில் செய்தியாக வரும். ஒரு வாரம் போல் மறு வாரம் இராது. மருத்துவமனை நாளும் வேலை நாளும் மோதும்போதெல்லாம் அன்ரி யாரிடமாவது கெஞ்சி நாளை மாற்றிக்கொள்வார். பெரும்பாலும் என்னிடம்.

"பூசை முடிஞ்சு வெளியில வந்ததும் நான் முதல்ல பாக்கிறது ஃபோனைத்தான் பிள்ளை. ஆண்டவரிட்டக் கேட்டதுக்குப் பதில் கிரெய்க்கிட்ட இருந்தெல்லோ வருது," என்பார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: நிரந்தர வேலை. அதிக ஊதியத்துக்காகக் கேட்கவில்லை. நாள் மாறாத வேலை வேண்டும், கணவரின் மூன்று நாள்களை யாரும் தொடக்கூடாது. அப்படி ஓர் இடம் காலியானது. பெரிய கழகம் ஒன்றின் வேலை வந்திருக்கிறது, அது நல்லபடியாக முடியட்டும், உங்களுக்கே தருகிறேன் என்று கிரெய்க் அவரிடம் சொல்லியிருந்தார்.

அந்தக் கழகத்தின் உறைகள் ஈரச் சாக்குகளில் குளிர்காலம் முழுவதும் கிடந்தவை. பாதிக்கு மேல் கரும்பழுப்புக் கறை. வழக்கமான முறையில் எத்தனை முறை உருட்டியும் கறை முழுதாகப் போகவில்லை. கறையால் உறைக்கு எந்தக் கெடுதியும் இல்லை என்பதை நீங்கள் அறியவேண்டும். அழகில்லை, அவ்வளவுதான். நான் அதைக் கிரெய்க்கிடம் சொன்னேன். உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், பணம் கொடுக்கிறவருக்குப் பளபளப்புத்தான் தெரியும் என்றார் அவர். வெள்ளிக்கிழமை மாலை அன்ரியின் மேசைக்கு வந்து, என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது, எப்படியாவது இவை மின்ன வேண்டும் என்று சொன்னார்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்து பாக்கட்டோ?" என்று அன்ரி கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கிரெய்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எப்படிச் செய்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை அன்ரி கொண்டுவந்த பெட்டிகளைத் திறந்தபோது, கொட்டகைக்குள் யாரோ விளக்குப் போட்டதுபோல் இருந்தது. கறை இருந்த சுவடே இல்லை. பொதி கட்டும் செல்வா, கோயம்புத்தூர்க்காரர், ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார்.

"அன்ரி, இதைப் போட்டுக்கிட்டு ஒரு கல்யாணத்துக்கே போகலாம் போங்க!"

"உன்ர கலியாணத்துக்கு ஒரு சங்கிலியாக் கோத்துத் தாறன். முதல்ல பொம்பிளையைப் பார்."

எல்லோரும் கைதட்டினோம். கிரெய்க் படம் எடுத்துக் கழகத்துக்கு அனுப்பினார். அன்ரியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நிரந்தரப் பணிக்கான தாள்களை இந்த வாரமே தயார் செய்வதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அன்ரி சன்னல் வழியே காரைப் பார்த்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு விவரிக்க என் மேடைத் தமிழ் போதாது.

மின்னிய உறைகளை அதே கழகத்தின் கறையில்லாத உறைகளோடு கொட்டி, ஒன்றாக அலசி, உலர்த்தி, செல்வா பெட்டிகளில் நிரப்பத் தொடங்கினார். பிற்பகலில் கூரியர் வண்டி வரவேண்டும்.

மதிய உணவுக்குப் பின் என் கண்ணாடியைத் துடைக்க பெட்டிகளோடு வீட்டிலிருந்து வந்து அன்ரியின் மேசையில் கிடந்த துணியை எடுத்தேன். முகத்தருகே கொண்டுவந்ததும் மூக்கில் ஏறியது ஒரு நெடி. கண்ணில் நீர் வரவைக்கும் நெடி. அமோனியா.

அமோனியா கலந்த எதுவும் பித்தளை உறையைத் தொடக்கூடாது. இன்று அது சுவரில் உள்ள எச்சரிக்கைப் பலகையின் முதல் வரி. அன்று சுவரில் எதுவும் இல்லை. எப்போதோ பேச்சுவாக்கில் கிரெய்க் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது அது. அமோனியா பித்தளையை உள்ளூரப் பலவீனமாக்கும், மேலே மின்னும், பின்பு அழுத்தம் வரும்போது விரிசல் விடலாம். எனக்குச் சொன்னார். அன்ரிக்கு யாரும் சொல்லவில்லை.

"அன்ரி, இதெல்லாம் எதுல கழுவுனீங்க?"

"ஏன் பிள்ளை? நல்லாத்தானே வந்திருக்கு."

"நல்லா வந்திருக்கு. எதுல?"

"கோயில் மெழுகுதிரித் தண்டுக்குப் போடுற அந்த வெள்ளைத் தண்ணிதான். போத்தில்ல வருமே, அது. துணியால தேய்ச்சு முடியாதெண்டு குசினியில ஒரு வாளிக்குள்ள ஊத்தி, இரவிரவா ஊற வச்சனான். விடிய நல்லாக் கழுவிப்போட்டன்."

அந்தப் புட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே. விளக்குத் துலக்க, குடம் துலக்க, கார்த்திகைக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துவைத்துத் துலக்க. இந்தப் பிழையைக் கிரெய்க் ஒருநாளும் செய்திருக்க மாட்டார்; துலக்கவேண்டிய பித்தளை அவர் வீட்டில் இல்லை. பித்தளையோடு பிறந்து வளர்ந்த ஒருவர்தான் செய்ய முடியும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அன்ரி நம்பவில்லை.

"உனக்கு விசரே? எத்தினை வருசமாத் தண்டுகளுக்குப் போடுறன். ஒண்டாவது வெடிச்சதோ?"

"மெழுகுவத்தித் தண்டுக்குள்ள யாரும் மருந்து வெச்சுச் சுடறதில்லையே அன்ரி."

அவர் பெட்டியிலிருந்து ஓர் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். "அறு. அண்டைக்கு அந்தாளுக்கு அறுத்துக் காட்டினியெல்லோ. இதையும் அறு."

அறுத்தேன். உட்சுவர் சீராக இருந்தது. வளையம் இல்லை, பள்ளம் இல்லை. இன்னொன்றை அறுத்தேன். அதுவும் அப்படியே.

"பாத்தியே?" என்றார். அவர் குரலில் வெற்றி இல்லை, மன்றாட்டுத்தான் இருந்தது.

தோழர்களே, நான் உங்களை நிறுத்த விரும்பும் இடம் இதுதான். பண்ணைக்காரரின் உறையில் குற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே தெரியவில்லை. தெரியாததால் இல்லையென்று ஆகிவிடுமா? இரவு முழுதும் ஊறியவை. நன்றாகக் கழுவப்பட்டவையும்கூட. ஒருவேளை ஒன்றுமே ஆகியிராது. ஒருவேளை எங்கோ ஓர் உறையில், கண்ணுக்கும் ரம்பத்துக்கும் எட்டாத ஓரிடத்தில், ஏதோ தொடங்கியிருக்கும். எது கெட்டது, எது நல்லது என்று பிரிக்கவும் வழியில்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. செல்வா பெட்டிகளுக்கு நாடா ஒட்டும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. இரு பக்கமும் வாதங்கள் எனக்குச் சரளமாக வந்தன. எந்தப் பக்கம் நின்று பேசினாலும் வென்றிருப்பேன். தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பேசாமலிருந்து நான் தவறியிருந்தால், முகம் தெரியாத ஒருவரின் கண் போகும். பேசி நான் தவறியிருந்தால், எனக்கு மிகவும் தெரிந்த ஒருவரின் மூன்று நாள்கள் போகும். இருவரும் மனிதர்கள். போன கண் வராது. போன வேலை வரலாம். இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் என் முடிவை நிறுத்தினேன். 'வரலாம்' என்ற சொல் எவ்வளவு இளகியது என்பது அப்போதும் எனக்குத் தெரியும்.

"நான் கிரெய்க்கிட்ட சொல்லப்போறேன் அன்ரி."

அவர் சன்னலைப் பார்த்தார். அன்று காரில் அவர் கணவர் இருந்தார். வானொலியின் தாளத்துக்கு அவருடைய விரல்கள் கண்ணாடி விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன.

"சொல்லத்தான் வேணும், என்ன?" என்றார். பிறகு, "என்ர பேரை விட்டிட்டுச் சொல்லேலுமோ பிள்ளை? நீ எதையும் சுத்திக் கதைப்பாய்தானே" என்றார்.

"சொல்லிப் பாக்கறேன் அன்ரி."

நான் சுற்றித்தான் பேசினேன். கிரெய்க்கின் அறைக்கதவில் நின்று, செய்தவர் யாரென்றே தெரியாத வாக்கியங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். உறைகளின்மேல் பொருத்தமற்ற ஒரு திரவம் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. அதில் அமோனியா இருக்கிறது. உறைகள் கலந்துவிட்டன. அனுப்புவதை நிறுத்தவேண்டும். நேர்த்தியான வாக்கியங்கள், மேடையில் அவை கைதட்டல் பெற்றிருக்கும்.

கிரெய்க் கேட்டது ஒரே கேள்வி. யார்?

யார் என்பதல்ல முதன்மையான கேள்வி, எத்தனை உறைகள் என்பதுதான் என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் கேட்டார். யார்? கேட்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். காலையில் கையைப் பிடித்துக் குலுக்கியவர் அவர்தானே. இருந்தாலும் கேட்டார்.

"மீ, கிரெய்க்."

எனக்குப் பின்னால் அன்ரி நின்றிருந்தார். கையுறையைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப் பிடித்திருந்தார்.

கிரெய்க் செய்ததைக் குறையில்லாமல் சொல்லிவிடுகிறேன். கூரியரைத் திருப்பி அனுப்பினார். கழகத்துக்குத் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொல்லி, இழப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். அத்தனை உறைகளையும் நசுக்க உத்தரவிட்டார். அவர் அன்று குரலை உயர்த்தவில்லை. அன்ரியை வேலையைவிட்டு நீக்கவும் இல்லை.

நசுக்கும் இயந்திரத்தில் போட செல்வா பெட்டிகளைத் தூக்கியபோது அன்ரி தடுத்தார்.

"விடு தம்பி. மினுக்கினது நான். நானே போடுறன்."

"கை வலிக்கும் அன்ரி, நான் போடறேனே."

"வலிக்கட்டும்."

நசுங்கும்போது பித்தளை பெரிதாகச் சத்தம் போடுவதில்லை. உலர்ந்த சருகை மிதித்ததுபோல் ஓர் ஓசை, அவ்வளவுதான். மாலை வரை அது கேட்டது. நசுங்கிய பின்னும் அவை மின்னிக்கொண்டுதான் இருந்தன.

அடுத்த ஞாயிறு அன்ரிக்குச் செய்தி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கேஷுவல் வேலையில் யாரையும் நீக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

கிரெய்க்கின் அறைக்கு நான் மீண்டும் போனேன். என் வாழ்நாளின் சிறந்த உரையை அங்கே ஆற்றினேன் என்று தயங்காமல் சொல்வேன். எப்படியாவது என்று சொன்னவர் நீங்கள். எப்படி என்று கேட்காதவர் நீங்கள். கறை கெடுதியில்லை என்று அறிந்தும் பளபளப்புக் கேட்டவர் நீங்கள். அமோனியாவைப் பற்றி ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்குச் சொல்லாதவர் நீங்கள். பெயரை மறைத்துவிட முடிந்த இடத்தில் தானே முன்வந்து சொன்னவர் அவர். அவரைப்போல் ஒருவரைத்தான் இந்த வேலைக்கு நீங்கள் தேடவேண்டும். கிரெய்க் இடைமறிக்காமல் கேட்டார். முடிவில், நீ சொல்வது அத்தனையும் நியாயம், நான்தான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். வேலை பெருகும்போது பார்க்கலாம் என்றார்.

நடுவர் என் பக்கம் தீர்ப்பளித்தார். ஞாயிறு மாலை அன்ரியின் கைப்பேசியில் எதுவும் வரவில்லை.

நிரந்தர இடத்தைக் கிரெய்க் எனக்குத் தரவந்தார். மறுத்தேன். நான் மறுத்ததால் அது அன்ரிக்குப் போய்விடவில்லை, செல்வாவுக்குப் போயிற்று. செல்வா நல்லவர், அவர்மேல் உங்களுக்கு எந்தக் கசப்பும் வேண்டாம். அந்த வாரமே சுவரில் ஓர் எச்சரிக்கைப் பலகை மாட்டப்பட்டது, ஆங்கிலத்தில்.

போன மாதம் டூங்கபியில் மளிகைக் கடையில் அன்ரியைப் பார்த்தேன். கூடையில் அரிசிமாவும் ஒரு கட்டுக் கீரையும் இருந்தன. என்னைக் கண்டதும், "ஆ, பட்டிமன்றம்!" என்றார். சிரிப்பு பழையபடி முழுதாக வரவில்லை. அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையாம். விடியுமுன் போய்விட்டு வந்துவிடுவாராம், பகல் கணவருக்கு. பாதி நாள் அவரைக் கொண்டுபோகும்போதே காரில் தூக்கம் சொக்குகிறதாம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. விலை விசாரிப்பதுபோல் சொன்னார்.

நான் மெல்போர்ன் போவதைச் சொன்னேன். நல்லது என்றார். கீரைக்கட்டைத் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்:

"பிள்ளை, அந்தக் கோதுகள்ல ஒண்டாவது வெடிச்சிருக்குமோ?"

"தெரியல அன்ரி."

"தெரியாதெண்டா?"

"எல்லாத்தையும் நசுக்கியாச்சே. இனிமே யாருக்கும் தெரியாது."

அவர் கீரைக்கட்டைக் கூடையில் வைத்தார்.

"அப்ப நீ வெண்டனியோ தோத்தனியோ எண்டு உனக்கே தெரியாது, என்ன?"

"ஆமா அன்ரி. தெரியாது."

"ம். உனக்கு அது கஷ்டமாத்தான் இருக்கும்."

அதில் ஏளனம் இல்லை. என் தோளை ஒருமுறை தொட்டார். "அவர் காருக்குள்ள இருக்கிறார். போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பணம் கொடுக்கும் வரிசைக்குப் போனார்.

நம் தொழிலில் சரியாக நடந்துகொண்டதற்குக் கிடைக்கும் பலன் இதுதான்: ஒன்றும் நடக்காது. எந்தக் கழகத்தில் யார் தப்பினார், அல்லது தப்பவேண்டிய தேவையே இருந்ததா என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை. எல்லாம் மறுபடி நேர்ந்தாலும் நான் அந்தக் கதவுக்கே போவேன். ஆனால் அந்தக் கதவு வரைக்கும் விஷயத்தைப் போகவிடக்கூடாது. அதைச் சொல்லத்தான் இத்தனை நீளம். கேட்கவேண்டிய கேள்வியைக் கூரியர் வரும் நேரத்தில் கேட்டால் யாராவது ஒருவர் விழுந்தே தீர்வார். அதை வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கலாம், மூன்று சொல்லில்: எதில் கழுவப்போகிறீர்கள் அன்ரி?

வேலை இப்போது பெருகிவிட்டது. அதனால்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை உங்களில் ஒருவருக்குச் சன்னலோர மேசை கிடைக்கும். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும். கார் நிற்குமிடமும் தெரியும்.